இருபத்து மூன்றாம் கேள்வி

ஈரோட்டில் பயிற்சி, மூன்றாம் நாள்.
சுண்டலும் டீயும் முடிந்த பிறகு
ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்.
ஆய்வகத்தில் வேதிப்பொருள் பாதுகாப்பு:
ஆசிரியர்களின் விழிப்புணர்வு.
முப்பது கேள்வி. ஆம், இல்லை, ஓரளவு.
பேர் எழுத வேண்டாம் என்றாள் ஆராய்ச்சிக்காரப் பெண்.
பேர் எழுதாத தாளையும்
பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்த்துத்தான் எழுதினோம்,
இருபது வருடமாய்
காப்பி அடிக்காதே என்று கத்தியவர்கள்.

அமிலத்தில் தண்ணீரா, தண்ணீரில் அமிலமா?
அது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
கண் கழுவும் வசதி உண்டா?
ஒரு சிவப்பு மக்கு,
திருகினால் இருமும் குழாய்.
ஆம் என்று போட்டேன்.
மணல் வாளி? அதுவும் ஆம்.
போன மாதம் அதில் பூனை குட்டி போட்டதைச் சொல்லக்
கட்டம் எதுவும் இல்லை.

கழிவை எங்கே ஊற்றுகிறீர்கள்?
நொய்யலுக்காக மேடை ஏறிப் பேசியவள் நான்.
சாயப்பட்டறைக்காரர்களை வாய் வலிக்கத் திட்டியவள்.
எங்கள் தொட்டியின் குழாய்
சுவரைத் தாண்டிக் கிளுவை வேலிக்குள் போகிறது.
வேலிக்கு அக்கட்டால
யாருடையவோ செம்மறிகள்.
'ஓரளவு' என்றொரு கட்டம் வைத்தவர்
நல்லா இருக்கட்டும்.

விபத்து ஏதும் நடந்ததுண்டா?
ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு
இல்லை.

இருபத்து மூன்று.
பிக்ரிக் அமிலம் காய்ந்துபோனால்
என்ன ஆகும் என்று தெரியுமா?

தெரியாது.
புட்டியைத் தெரியும்.
இடது அலமாரி, மேல் தட்டு, கடைசி.
ஆறுக்குட்டி அண்ணன் ஓய்வு பெற்ற அன்றைக்குச்
சாவிக்கொத்தோடு என் கைக்கு வந்தது.
அவர் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.
லேபிளில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது.
மீதிப் பாதியின் மேல்
வருடா வருடம் ஆயுத பூசைக்கு
நானே சந்தனம் தீற்றிக் குங்குமம் வைத்தேன்.
மூடியைச் சுற்றி மஞ்சளாய்ப் பொருக்கு.
மஞ்சமண்டிக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவளுக்கு
மஞ்சளைப் பார்த்தால் பயமா வரும்?

போன வருடம் தரணிகா கேட்டாள்:
"ஏனுங் மிஸ், இது தொறக்கவே வரமாட்டீங்குதுங்.
டெஸ்க்குல ரெண்டு தட்டு தட்டட்டுங்களா?"
மணி அடித்தது. வைத்துவிட்டு ஓடினாள்.
நான் தடுக்கவில்லை.
மணிதான் அடித்தது.

எழுந்து போய்க் கேட்டேன்,
"இருபத்து மூணுக்கு என்னங்க விடை?"
"தெரியலன்னா இல்லைன்னு போடுங்க மேடம்,
இதுக்கு மார்க் கிடையாது."
"மார்க்குக்கு இல்லீங்க. புட்டி இருக்குதுங்."

அவள் பேனாவை மூடி வைத்தாள்.
பிறகு சொன்னாள்,
தூளியில் எதுவோ தூங்குவதுபோல்
அவ்வளவு மெதுவாக:
காய்ந்தால் அது வெடிமருந்து.
மூடியைத் திருகுகிற உராய்வே போதும்.

தலைமையாசிரியருக்குப் போன்.
"நாளைக்கு சி.இ.ஓ. வர்றாங்க,
இப்பத்தான் லேபைக் கூட்டித் தொடைக்கச் சொன்னேன்."
கூட்ட வேண்டாங் சார்.
யாரும் அலமாரியத் தொட வேண்டாம்.
பூட்டிட்டுத் தீயணைப்புக்குச் சொல்லுங்க.
"ஒரு பாட்டிலுக்கா?"
ஆமாங் சார்.
ஒரு பாட்டிலுக்குத்தான்.

பெருந்துறை தாண்டி ஊத்துக்குளி பஸ்
ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போட்டது.
ஒவ்வொரு தடவையும்
மேல் தட்டு, கடைசி.

விசயமங்கலத்தில் டிக்கெட்டைத் தேடுகையில்
கைப்பைக்குள் அந்தத் தாள்.
கொடுக்காமலே வந்திருக்கிறேன்.
பதினொன்றாம் கேள்வியில் இருந்த இல்லையை அடித்துவிட்டு
ஓரத்தில் எழுதினேன்:
ஆம். வலது முழங்கை. கந்தக அமிலம்.
அன்றைக்கு மக்கில் தண்ணீர் இல்லை.

பஸ் குலுக்கலில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.
கீழே, கேட்காத இடத்தில்,
க. செல்வநாயகி, வேதியியல்.